‘ஸ்பை கிட்ஸ்’ சிஜி மட்டம்தானா? அப்படியானால் அந்தப் படத்துக்கு ஏன் அவ்வளவு மரியாதை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 2001இல் வந்த ‘ஸ்பை கிட்ஸ்’ படத்தை, அதாவது உளவாளிகளான அப்பா அம்மாவைக் காப்பாற்ற அவர்கள் பிள்ளைகளே உளவாளிகளாகும் கதையை, எட்டு வயது மகனுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். அவன் இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. உங்களுக்கோ அதன் சிஜி, அதாவது கம்ப்யூட்டரில் செய்த காட்சிகள், பழைய வீடியோ கேம் போல இருந்தது. அப்புறம் பார்த்தால், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2024இல் அதே படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. “இதற்கா இந்த மரியாதை? லத்தீன் அமெரிக்கக் குடும்பத்தைக் காட்டியதற்காகக் கொடுத்த சலுகையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சிஜி உண்மையிலேயே மட்டமா, சிஜி பழசாகிவிட்டால் படமும் சின்னதாகிவிடுமா, பதிவேட்டில் சேர்த்தது சலுகையா. முதல் கேள்வி என் தொழில். சென்னையில் பல வருஷமாகக் கம்பாசிட்டிங் வேலை பார்க்கிறேன், அதாவது கிரீன் மேட்டில் (பின்னால் பச்சைத் திரை கட்டி) எடுத்த நடிகரையும் கம்ப்யூட்டரில் செய்த பின்னணியையும் ஒரே ஷாட்டாக ஒட்டுகிற வேலை. மற்ற இரண்டுக்கும் அந்தப் படத்தைப் பிடித்துப்போய்ப் பலமுறை பார்த்தவனாகத்தான் பதில் சொல்ல முடியும். எது தகவல், எது என் கருத்து என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பதிவேட்டைப் பற்றி. அது சிறந்த படங்களின் பட்டியல் இல்லை, விருதும் இல்லை. 1988இல் போட்ட ஒரு சட்டத்தின்படி ஆண்டுக்கு 25 படங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். படம் வந்து பத்து வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். பண்பாடு, வரலாறு, அழகியல் என்ற மூன்றில் ஏதாவது ஒரு வகையில் அந்தப் படம் முக்கியமானதாக இருந்தால் போதும். பொதுமக்களும் பெயர்களைப் பரிந்துரைக்கலாம். 2024 பட்டியலோடு மொத்தம் 900 படங்கள் ஆயின. வீட்டில் எடுத்த படங்கள், செய்திப் படங்கள், மௌனப் படங்கள் எல்லாம் அதில் உண்டு. இந்தப் படம் அழியக்கூடாது, நாளைக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்தால்தான் இந்தக் காலம் புரியும் என்பதே அதன் நோக்கம். ஆகவே சிஜி நன்றாக இருக்கிறதா என்ற கேள்வியை அந்தத் தேர்வு கேட்பதே இல்லை.

சரி, சிஜிக்கு வருவோம். ‘ஸ்பை கிட்ஸ்’ சுமார் 3.5 கோடி டாலரில் எடுத்த படம். நமக்கு அது பெரிய பணம். ஹாலிவுட்டில் அந்த வருஷம் வந்த சாகசப் படங்களோடு வைத்துப் பார்த்தால் ரொம்பச் சின்னப் பட்ஜெட். அதே 2001இல் ‘தி மம்மி ரிட்டர்ன்ஸ்’ வந்தது, அதற்கு ஆன செலவு பத்துக் கோடி டாலரைத் தொட்டது. அதன் கிளைமாக்ஸில் பாதி மனிதனும் பாதி தேளுமாக ஒருவன் வருவான். இன்றைக்கும் எங்கள் தொழிலில் மோசமான சிஜிக்கு உதாரணம் கேட்டால் அந்த முகத்தைத்தான் காட்டுவார்கள். செய்தவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். “இது நிஜ மனிதனின் முகம், நம்புங்கள்” என்று அந்த ஷாட் பார்வையாளரிடம் கேட்கிறது. அன்றைய கம்ப்யூட்டரால் தோலையும் கண்ணையும் அந்த அளவுக்குச் செய்ய முடியவில்லை. நிஜம் என்று சொல்லிக்கொள்கிற சிஜி வருஷம் ஆக ஆகச் சீக்கிரமாகக் கெடும், ஏனென்றால் நம் கண் வருஷா வருஷம் இன்னும் நல்ல நிஜத்தைப் பார்த்துப் பழகிவிடுகிறது.

‘ஸ்பை கிட்ஸ்’ அப்படி எதையும் கேட்கவில்லை. அதில் வரும் கட்டைவிரல் ஆட்களைப் பாருங்கள். தலை ஒரு கட்டைவிரல், இரண்டு கையும் கட்டைவிரல், இரண்டு காலும் கட்டைவிரல், நடுவில் ஒரு சிவப்பு உடை. வில்லனின் காவலாளிகள் என்று பெயர், ஆனால் ஒரு பொருளைக் கையில் பிடிக்கக்கூட முடியாது, தடுமாறி ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள். உங்கள் மகனிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து வில்லனின் ஆளை வரையச் சொன்னால் இப்படி ஏதாவது ஒன்றைத்தான் வரைவான். அந்த வரைபடத்துக்கு உயிர் வந்ததும் அது நிஜமாகத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை, அவன் வரைந்தது போலவே இருந்தால் போதும். பிள்ளைகளுக்கான டிவி நிகழ்ச்சி நடத்தும் ஃப்ளூப்பின் கோட்டை, அவனுடைய நிகழ்ச்சியில் ஆடும் கோணல்மாணலான ஃபூக்ளிகள், மீன் வடிவத்தில் இருக்கும் சின்ன நீர்மூழ்கி எல்லாம் இதே கணக்குதான். மறைவிடத்தில் பிள்ளைகள் ஒரு சின்னப் பாக்கெட்டை அடுப்பில் வைக்கிறார்கள், சில நொடியில் மெக்டொனால்ட்ஸ் பர்கரும் ஃப்ரைஸும் தட்டில் சுடச்சுட வருகிறது. அது விளம்பரம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் எட்டு வயதுப் பிள்ளை ஆசைப்படுகிற உளவுக் கருவி என்றால் அதுதானே?

குறை சொல்ல வேண்டிய இடங்களும் இருக்கின்றன. பிள்ளைகள் ஜெட்பேக்கை முதுகில் மாட்டிக்கொண்டு பறக்கும் ஷாட்டுகளை நிறுத்திப் பாருங்கள். வானத்தில் வெயில் ஒரு பக்கமிருந்து வரும், முகத்தில் வெளிச்சம் இன்னொரு பக்கமிருந்து விழும். தலைமுடியின் ஓரம் கத்தரித்த மாதிரி இருக்கும். உடம்புக்கு எடை இருப்பதாகவே தோன்றாது. இதெல்லாம் ஸ்டைல் இல்லை, நேரமும் பணமும் போதாமல் வந்த குறை. இன்றைக்கு என் கைக்கு வந்தால் திருப்பி அனுப்புவேன். ஆக, படத்தில் இருப்பது இரண்டு விதமான ‘பொய்’. ஒன்று வேண்டுமென்றே செய்த பொய், அது இன்றைக்கும் நிற்கிறது. இன்னொன்று மறைக்கப் பார்த்து முடியாமல் போனது, அது பழசாகிவிட்டது. முதல் வகைதான் அதிகம் என்பது என் கணிப்பு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ‘ஸ்பை கிட்ஸ் சிஜி மட்டம்’ என்று சொல்கிற பலர் மனசில் இரண்டாம், மூன்றாம் பாகங்கள் வந்து கலந்துவிடுகின்றன என்று நினைக்கிறேன். முதல் பாகம் 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தது. ஒளிப்பதிவு கியெர்மோ நவாரோ, பின்னாளில் ‘பான்ஸ் லாபிரிந்த்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். நிஜமான செட், நிஜமான வண்ண வெளிச்சம், அதற்கு மேல் கொஞ்சம் சிஜி. ஃபிலிமில் இருக்கும் கிரெய்ன், அதாவது பொடிப் புள்ளிகள், எல்லாவற்றின் மீதும் ஒரே மாதிரி பரவினால் ஒட்டுப் போட்ட இடம் பாதி மறைந்துவிடும், இது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த சௌகரியம். 2002இல் வந்த இரண்டாம் பாகத்தை இயக்குநர் ராபர்ட் ராட்ரிகஸ் டிஜிட்டல் ஹெச்டி கேமராவில் எடுத்தார். அந்தக் கேமராவை அவருக்கு அறிமுகப்படுத்தியவர் ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்த ஜார்ஜ் லூகாஸ். டிஜிட்டல் வந்ததும் கிரீன் மேட் வேலை பல மடங்கு கூடியது, தீவு, பிராணிகள், எலும்புக்கூடுகள் என்று பாதிப் படம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது.

இதில் தொழில்நுட்பமாக ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்து ஹெச்டி டேப் வெளிச்சத்தை நுணுக்கமாகப் பதிவு செய்யும், வண்ணத்தை அந்த அளவுக்குச் செய்யாது, அதில் மூன்றில் ஒரு பங்கு விவரம்தான் வைத்துக்கொள்ளும். சாதாரணமாகப் பார்க்கும்போது நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் கிரீன் மேட்டிலிருந்து ஆளை வெட்டி எடுப்பது வண்ணத்தை வைத்துத்தான். மெல்லிய பேனாவில் கோடு போட்டுவிட்டுத் தடிமனான பிரஷ்ஷால் வண்ணம் பூசினால் ஓரத்தில் வழியுமே, அந்தக் கதைதான். முடியின் ஓரம், கண்ணாடி, புகை, வேகமாக அசையும் கை இதெல்லாம் சரியாக வெட்டுப்படாது. அந்தப் பாகங்களில் நடிகர்கள் பின்னணிக்கு முன்னால் ஒட்டி வைத்த படம் போலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது தொழில் அனுபவத்தில் நான் சொல்வது. 2003இல் வந்த மூன்றாம் பாகம் சிவப்பு-நீலக் கண்ணாடி போட்டுப் பார்க்கிற 3டி. துருவப்படுத்திய ஒளியில் காட்டும் நல்ல 3டிக்கு வெள்ளிப் பூச்சுத் திரை வேண்டும், சாதாரணத் தியேட்டரில் அது கிடையாது. வண்ணக் கண்ணாடி முறைக்கு எந்தத் தியேட்டரும் போதும், ஆனால் வண்ணமெல்லாம் வெளுத்துவிடும். அந்தப் படத்தை டிவியில் கண்ணாடி இல்லாமல் பார்த்தவர்களுக்கு அது இன்னும் மோசமாகத்தான் தெரிந்திருக்கும்.

இயக்குநர் ராட்ரிகஸ் வேலை செய்யும் விதத்தைச் சொன்னால்தான் மீதி புரியும். அவர் டெக்சாஸில் பத்துப் பிள்ளைகள் உள்ள மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் படம் ‘எல் மரியாச்சி’, 1992. அதை எடுக்க ஆன செலவு சுமார் 7,000 டாலர் என்பது சினிமா மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தப் பணத்தில் ஒரு பங்கை மருந்துப் பரிசோதனைக்குத் தன் உடம்பையே கொடுத்துச் சம்பாதித்தார். அந்தப் படமும் 2011இல் இதே பதிவேட்டில் சேர்ந்தது. ‘ஸ்பை கிட்ஸ்’ யோசனை வந்தது, 1995இல் வெளியான ‘ஃபோர் ரூம்ஸ்’ படத்தில் தன் பகுதியை எடுத்துக்கொண்டிருந்தபோது. ஒரு ஹோட்டல் அறையில் கோட்டும் சூட்டும் போட்டு நின்ற இரண்டு குட்டிப் பிள்ளைகளைப் பார்த்ததும், ஜேம்ஸ் பாண்டைச் சின்னதாக்கிய மாதிரி இருந்ததாம். அதில் அப்பாவாக நடித்த ஆன்டோனியோ பண்டேராஸ்தான் இங்கேயும் அப்பா. எழுதியவர், இயக்கியவர், எடிட் செய்தவர் எல்லாம் ராட்ரிகஸ். இரண்டாம் பாகத்தில் ஒளிப்பதிவும் கூட அவர் கைக்குப் போய்விட்டது. ஸ்டூடியோவைக் கேட்டுக் கேட்டுச் செய்யாமல் தன் ஊரான ஆஸ்டினில் இருந்துகொண்டே கைக்கு அடக்கமான செலவில் செய்ததால்தான் கட்டைவிரல் ஆள் மாதிரி ஒரு யோசனை அப்படியே திரைக்கு வர முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பத்துக் கோடி டாலர் படத்தில் அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனால், அதற்குத் தோல் சுருக்கமும் நகத்தில் பளபளப்பும் வைத்து நிஜமாக்கச் சொல்லியிருப்பார்கள்.

இப்போது சலுகை விஷயம். உங்கள் சந்தேகத்தில் ஒரு உண்மை இருக்கிறது. 2024 பட்டியலில் லத்தீன் கலைஞர்களின் படங்கள் நிறையவே இருந்தன, ‘அப் இன் ஸ்மோக்’, ‘அமெரிக்கன் மி’, ‘மி ஃபமிலியா’ எல்லாம் அதே வருஷம்தான். (‘அப் இன் ஸ்மோக்’ படத்தின் சீச் மரின்தான் ‘ஸ்பை கிட்ஸ்’ படத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ‘மாமா’ ஃபீலிக்ஸ்.) ஆனால் அதைச் சலுகை என்று சொல்ல என்னால் முடியவில்லை. படத்தை எடுக்கும்போது ஸ்டூடியோக்காரர்கள், ஏன் இந்தக் குடும்பத்தை லத்தீன் குடும்பமாக வைக்கிறீர்கள், சாதாரண அமெரிக்கக் குடும்பமாக வைத்தால் என்ன என்று கேட்டார்களாம். அவர்களும் அமெரிக்கர்கள்தானே, ஜேம்ஸ் பாண்டை ரசிக்க பிரிட்டிஷ்காரராக இருக்க வேண்டுமா என்ன என்று ராட்ரிகஸ் பதில் சொன்னதாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2001 மார்ச் 30 அன்று படம் வெளியானது. அமெரிக்காவில் மட்டும் 11 கோடி டாலருக்கு மேல், உலக அளவில் 14 கோடிக்கு மேல் வசூல். எல்லா இனத்துப் பிள்ளைகளும் போய்ப் பார்க்காமல் அந்தத் தொகை வராது. அதுவரை ஹாலிவுட்டில் அந்த முகங்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது கடத்தல்காரன், வேலைக்காரி வேடங்கள். இங்கே கோர்டெஸ் குடும்பம் கடலோர மாளிகையில் இருக்கிறது, ஸ்பானிஷ் பெயர்கள் வைத்திருக்கிறது, உலகத்தைக் காப்பாற்றுகிறது, அதைப் பற்றி யாரும் ஒரு வசனம்கூடப் பேசுவதில்லை. வரலாற்றில் குறித்து வைக்க இது போதும் என்பது என் தீர்ப்பு. வேறு மாதிரி நினைக்கவும் இடம் உண்டு.

ஆனால் உங்கள் மகன் எழுந்திருக்காமல் பார்த்ததற்குக் காரணம் இதுவும் இல்லை. படம் ஆரம்பிப்பதே அம்மா இங்க்ரிட் தூங்கப்போகும் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையில்தான். எதிரெதிர் நாட்டு உளவாளிகள் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் கொல்லப் போய், காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது கட்டுக்கதை. நமக்கு மட்டும் அது அப்பா அம்மாவின் சொந்தக் கதை என்று தெரிகிறது. அந்த இடைவெளிதான் படத்தின் உயிர். வீட்டில் பெரியவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தோன்றும். இந்தப் படம், ஆமாம், மறைக்கிறார்கள், அது நீ நினைத்ததைவிடப் பிரமாதமானது என்கிறது. ஆனால் பொய்யும் லேசாக விடப்படவில்லை. அக்கா கார்மென் பள்ளிக்கு மட்டம் போடுகிறாள், தம்பி ஜூனிக்குப் பள்ளியில் நண்பர்களே கிடையாது, ஒருவர் பட்ட கஷ்டம் மற்றவருக்குத் தெரியாது. அப்பாவுக்கும் அவருடைய அண்ணன் தம்பிப் பிணக்கு உண்டு, டேனி ட்ரெஹோ நடித்த மச்செட்டி என்ற அந்தச் சகோதரனை அவர் வெகு காலமாகப் பார்க்கவே இல்லை.

ஒரு காட்சியை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். மறைவிடத்தின் கதவு திறக்க வேண்டும் என்றால் கார்மென் தன் முழுப் பெயரைச் சொல்ல வேண்டும். கார்மென் எலிசபெத் ஹுவானிட்டா எக்கோ ஸ்கை பிராவா கோர்டெஸ். பள்ளியில் யாரிடமும் சொல்லாத நீளப் பெயர், அதை ஒரு மூச்சில் சொன்னால் பூட்டு திறக்கிறது. அந்த இடத்தில் சிஜி எதுவும் பெரிதாக இல்லை. ஒரு பெண் குழந்தை தான் யார் என்று உரக்கச் சொல்கிறாள், அவ்வளவுதான். எடிட்டிங் தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தின் எளிமை பிடிக்கும், ஷாட்டுகளை வெட்டித் தள்ளாமல் அவள் சொல்லி முடிக்க நேரம் கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் பிள்ளைகளுக்கு அடுத்த வேலை வரும்போது, போனால் குடும்பமாகத்தான் போவோம் என்று கார்மென் சொல்லிவிடுகிறாள். உளவு வேலை சுலபம், குடும்பத்தைச் சேர்த்து வைப்பதுதான் கஷ்டம் என்பது அவள் பேச்சின் சாரம். வேறு படத்தில் இது உபதேசமாகியிருக்கும். இங்கே அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும் அதையே நடத்திக் காட்டிவிட்டதால் உறுத்துவதில்லை.

மூன்றாம் பாகத்தைக் குறை சொன்னேன், அதில் ஒரு நல்ல விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். தாத்தாவாக ரிக்கார்டோ மொண்டல்பான் வருகிறார். மெக்சிகோவில் பிறந்து ஹாலிவுட்டில் பெயர் வாங்கிய பழைய நடிகர், 2024 பட்டியலில் உள்ள ‘ஸ்டார் ட்ரெக் 2’ படத்தில் வில்லன் கான் இவர்தான். 1993இல் முதுகெலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நடக்க முடியாமல் நிஜ வாழ்க்கையிலேயே சக்கர நாற்காலியில் இருந்தார். படத்தில் வீடியோ கேமுக்குள் போனதும் தாத்தா எழுந்து நிற்கிறார், ஓடுகிறார், தாவுகிறார். சிஜி உடம்பு, அவருடைய முகம். ஒட்டு வேலை சுமார்தான். ஆனாலும் எனக்கு அந்த ஷாட்டைத் தப்பாகச் சொல்ல மனசு வருவதில்லை. இந்த வேலை எதற்காக இருக்கிறதோ அதை அது செய்துவிட்டது.

உங்கள் மகனுக்கு அடுத்து எதைப் போடலாம் என்றால், இரண்டாம் பாகம் தாராளமாக. பழைய காலத்து ஸ்டாப் மோஷன் (பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து ஒவ்வொரு படமாக எடுப்பது) எலும்புக்கூட்டுச் சண்டைகளுக்கு வணக்கம் சொல்லும் காட்சிகள் அதில் உண்டு. ராட்ரிகஸ் அந்தச் சண்டைகளைச் செய்த ரே ஹாரிஹவுசனின் ரசிகர், பையன் கொஞ்சம் வளர்ந்தபின் அந்த மூலப் படங்களையும் காட்டுங்கள். மூன்றாம் பாகத்துக்குச் சிவப்பு-நீலக் கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதி ஷாட்டுகளுக்கு அர்த்தமே இருக்காது. நான்காம் பாகம் 2011இல் வந்தது, சுரண்டினால் மணக்கும் அட்டையோடு தியேட்டரில் ஓடியது, அதை விட்டுவிடலாம். 2023இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது வேறு குடும்பத்தின் கதை, சிஜி சுத்தமாக இருக்கிறது, எனக்கு முதல் படத்தின் சேட்டை அதில் கிடைக்கவில்லை. அப்புறம் ஒன்று, வீட்டில் இன்னும் சின்னப் பிள்ளை இருந்தால் ஃபூக்ளிகள் வரும் காட்சிகளில் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் உருமாற்றப்பட்ட உளவாளிகள் என்பதும், அவர்கள் பாட்டைப் பின்னோக்கி ஓட்டினால் “காப்பாற்றுங்கள்” என்று கேட்பதும் சில குழந்தைகளைப் பயமுறுத்திவிடும். எந்த வயதுக்கு எவ்வளவு பயம் தாங்கும் என்பது என் தொழில் இல்லை, உங்கள் பிள்ளையைத் தெரிந்த நீங்கள்தான் அதை முடிவு செய்ய வேண்டும்.